பெயர் கொடுத்தவர்களும் எழுதியவர்களும்: வட்டுக்கோட்டையின் நோய்ப்பதிவு வரலாறு

வட்டுக்கோட்டை என்ற ஊர்ப்பெயர் இலங்கைத் தமிழரின் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகளோடு பெரிதும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒன்று 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசன் தொடங்கிய செமினரி. மற்றையது 1976ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியல் தீர்மானம். இவ்விரண்டின் நிழலில் மறைந்து, இதுவரை தனியாக எடுத்துப் பேசப்படாத வேறொரு வரலாறும் இவ்வூருக்கு உண்டு. நோய் பரவும் காலத்தில் யார் எவரைச் சந்தித்தார், யார் எந்த வீட்டுக்குச் சென்றார் என்பதைக் கேட்டறிந்து எழுதிவைக்கும் வழக்கம் இங்கே எவ்வாறு வேரூன்றியது, மக்கள் அதற்கு எப்போது இணங்கினர், எப்போது வாய்மூடி இருந்தனர் என்பதே அவ்வரலாறு. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின்போது உலகம் முழுவதும் கைபேசிச் செயலிகள் ஏற்ற வேலை, அதாவது தொற்றாளரோடு பழகியவர்களைத் தேடிக் கண்டறிந்து அவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் வேலை, வட்டுக்கோட்டைக்குப் புதியதாக இருக்கவில்லை. புதியதாக இருந்தது, எழுதுபவரின் முகம் தெரியாமற் போனதே.

பெயர் எழுதும் வழக்கத்தின் தொடக்கம் நோயோடு தொடர்புடையதன்று. 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், முன்னவர் வகுத்திருந்த கோவிற்பற்றுப் பிரிவுகளை ஏற்று, ஒவ்வொரு பற்றிலும் தேவாலயத்தோடு சேர்ந்த பாடசாலையொன்றை நடத்தினர். வட்டுக்கோட்டை அத்தகைய பற்றுகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்தில் குருவாகப் பணியாற்றிய பிலிப்பு பால்தேயு 1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் இவ்வூர்த் தேவாலயமும் இடம்பெற்றுள்ளது. அந்தப் பாடசாலையின் ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததோடு, ஊரவரின் திருமுழுக்கையும் திருமணத்தையும் தோம்பு எனப்படும் பதிவேட்டில் எழுதி வந்தார். தோம்பில் பெயர் இருந்தாற்றான் திருமணம் சட்டப்படி செல்லும். திருமணம் செல்லுபடியானாற்றான் பிள்ளைக்கு முதுசொம், அதாவது முன்னோர் சொத்து, சேரும். ஆகவே மனத்தளவில் சைவராகவே வாழ்ந்த குடும்பங்களும் தோம்பில் பெயரைப் பதியத் தயங்கவில்லை. 1796இல் ஒல்லாந்த ஆட்சி நீங்கி, அந்தப் பதிவினால் வந்த பயன் அற்றுப்போனதும், தேவாலயங்கள் வெறிச்சோடின. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் கண்டது பாழடைந்த கட்டடத்தையே. ஒரு பதிவேட்டுக்கு மக்கள் இணங்குவதை அதன் நோக்கத்துக்கு இணங்கியதாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வூர் வரலாற்றில் இல்லை.

நோயைப் பொறுத்தவரை, எழுதப்படாத அறிவித்தல் முறையொன்று ஊரில் நெடுங்காலமாகவே இருந்தது. பெரியம்மை கண்ட வீட்டின் படலையில், அதாவது கிடுகு வேலிக்கு இடையில் அமைந்த வாயிற்கதவில், வேப்பிலை கட்டப்படும். அதைக் கண்டவர் உள்ளே செல்ல மாட்டார். அந்த வீட்டவரும் பிறர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். கொடுக்கல் வாங்கல் நிற்கும். அடுப்பில் தாளிப்பும் பொரிப்பும் நிற்கும். நோயை அம்மாள் என்று அழைத்து, அவள் வந்திருக்கும் வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கும் சமயக் கடமையாகவே மக்கள் இதைக் கருதினர். ஆயினும் நடைமுறையில் இது நோயை அறிவித்தல், வீட்டோடு தனிமைப்படுத்தல், போக்குவரவைக் கட்டுப்படுத்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றியது. இம்முறையின் இரண்டு இயல்புகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. வேப்பிலையைக் கட்டியவர் வீட்டுக்காரரே. வெளியிலிருந்து வந்த எவரும் அதைக் கட்டவில்லை. நோயாளிக்குத் தலைக்கு வார்த்து முடிந்ததும் அந்த வேப்பிலை அகற்றப்பட்டது. அதன்பின் அந்த வீட்டின்மேல் எந்த அடையாளமும் எஞ்சி நிற்கவில்லை.

பிரித்தானிய அரசு கொண்டுவந்த அம்மைப்பால் குத்தும் முறை, அதாவது பசுவம்மையின் நீரை உடலிற் செலுத்திப் பெரியம்மையைத் தடுக்கும் முறை, 1802இலேயே இலங்கையை எட்டிவிட்டது. அதைக் கட்டாயமாக்கிய கட்டளைச் சட்டம் 1886இல் வந்தது. இடைப்பட்ட எண்பத்து நான்கு ஆண்டுகளில் அம்மைப்பால் குத்துவோருக்கு ஊர்களில் எதிர்ப்பும் ஒளிப்பும் மிகுதியாகவே இருந்தன. அம்மாளின் வரவை ஊசியால் தடுப்பது தகாது என்ற எண்ணம் ஒரு காரணம். மற்றொரு காரணம் நடைமுறை சார்ந்தது: அக்காலத்து முறைப்படி ஒரு பிள்ளையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்தே அடுத்த பிள்ளைக்குக் குத்தினர், ஆகவே குத்திய பிள்ளையை எட்டாம் நாள் மீண்டும் கொண்டுவந்து காட்டவேண்டியிருந்தது. தன் பிள்ளையின் கையைக் கீறிப் பிறர் பிள்ளைக்கு நீரெடுப்பதைப் பொறுக்காத தாய்மார் இரண்டாம் முறை வராமல் விட்டதை அறியாமை என்று அதிகாரிகள் எழுதினர். அது அறியாமையன்று, தனக்கு வரும் பயனை அடைந்துவிட்ட ஒருவர், பிறர்க்கான சுமையையும் ஏற்க வேண்டிய காரணத்தை எவரும் அவருக்குச் சொல்லாமல் விட்டதன் விளைவு. இதே சிக்கல் இருபத்தோராம் நூற்றாண்டுச் செயலிகளிலும் தலைகாட்டியது என்பது பின்னர் விளங்கும்.

வாந்திபேதி வேறு வகையானது. 1817இல் வங்காளத்திலிருந்து கிளம்பிய முதற் பெருந்தொற்று 1818ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்தது. அதன்பின் நூற்றாண்டு முழுவதும், தென்னிந்தியக் கரையோடு நெல்லும் ஆட்களும் ஏற்றியிறக்கிய வள்ளங்களின் வழியாகவும், கோப்பித் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் நடந்து சென்ற வடபாதையின் வழியாகவும், அது மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. அம்மை வந்தால் வேப்பிலை கட்ட நாள் இருந்தது. வாந்திபேதி காலையில் கண்டு மாலையில் கொண்டுபோய்விடும். யார் மூலம் வந்தது என்று கேட்பதற்குள் வீடு வெறுமையாகிவிடும்.

இந்தச் சூழலிற்றான் 1847ஆம் ஆண்டில் மசச்சூசெற்சு மாநிலத்து வூஸ்ரரைச் சேர்ந்த இளம் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அடுத்த ஆண்டிலேயே அவர் மானிப்பாய்க்கு மாறி, அங்கே மருத்துவக் கல்வியைத் தொடங்கியதால், அவர் பெயர் மானிப்பாயோடு பிணைந்துவிட்டது. ஆயினும் அவருடைய திட்டத்துக்கு வேண்டிய மனிதர்களை ஆக்கித் தந்தது வட்டுக்கோட்டையே எனலாம். செமினரியில் கணிதமும் வானியலும் இயற்கை அறிவியலும் கற்ற தமிழ் இளைஞர்களும், அங்கே பயின்ற சேத் பேசன், என்றி மாட்டின் ஆகியோர் ஆசிரியராக இருந்து 1841 முதல் வெளியிட்ட உதயதாரகைப் பத்திரிகையும் இல்லாமல், தமிழில் மேலைமருத்துவம் என்ற எண்ணம் ஓர் ஆசையாகவே நின்றிருக்கும்.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1857இல் அமெரிக்காவுக்குத் திரும்பி, 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின், 1864 முதல் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் படித்த மருத்துவர் அரச வேலையை நாடி ஊரைவிட்டுப் போய்விடுகிறார், தமிழில் படித்தவரோ தம் மக்களிடையே தங்குவார் என்பது அவர் கண்ட நடைமுறை உண்மை. மாணவர்களின் துணையோடு அவர் வெளியிட்ட நூல்களுள் இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. அவரிடம் பயின்றவர்கள் ஊர்களில் சென்று குடியமர்ந்தனர். 1866-67 காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி கடுமையாகப் பரவியபோது, நோயாளியின் வீட்டில் நுழைந்து, கிணற்றைப் பற்றியும் உணவைப் பற்றியும் வந்துபோனவரைப் பற்றியும் தமிழிலேயே கேட்கக்கூடிய மருத்துவர்கள் குடாநாட்டில் இருந்தது ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட பிற பகுதிகளில் அரிதாகவே காணக்கூடிய ஒன்று. கேள்வி கேட்பவரின் தகப்பன் பெயரும் ஊரும் தெரியும், அவர் மருந்தும் தருகிறார், நாளையும் வருவார். நோய்த்தடம் தேடுதல் என்று இன்று சொல்லப்படும் வேலை, இந்த நிலத்தில் இப்படித்தான் வைத்தியத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. காவலின் பகுதியாக அது தொடங்கவில்லை.

அரசு அதைச் சட்டமாக்கியது 1897ஆம் ஆண்டில். அவ்வாண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடைக்காப்பு மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், பம்பாயில் பரவிய கொள்ளைநோயின் அச்சத்தில் பிறந்தது. அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகள் நோயாளியைப் பராமரிக்கும் வீட்டாரையும் மருத்துவரையும், வைத்தியம் செய்வதாகச் சொல்லும் எவரையும், ஊரில் வழங்கும் சொல்லிற் சொல்வதானால் பரியாரியாரையும், நோயை அறிவிக்கும் கடமைக்கு உட்படுத்தின. ஊர்மட்டத்தில் அரசின் கண்ணும் காதுமாக இருந்தவர் விதானையார். அவருக்கு ஊரவர் அனைவரையும் தெரியும் என்பது இம்முறையின் பலம். அவருடைய சாதியும் சார்பும் ஊரவர் அனைவருக்கும் தெரியும் என்பதே அதன் பலவீனமும் ஆகும். 1963இல் அப்பதவி நீக்கப்பட்டு, கிராம சேவையாளர் பதவி வந்தது.

விதானையாரைவிட மக்கள் மனத்தில் ஆழமாக இடம்பிடித்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் ஆசியாவின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து இலங்கையில் வளர்ந்த முறைப்படி, சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரின் கீழ் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் குறித்த எல்லைக்குள் பணியாற்றுவர். இன்றைய வட்டுக்கோட்டை வலிகாமம் மேற்குப் பிரதேசத்தில், சங்கானைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் எல்லைக்குள் அடங்குகிறது. வைத்தியசாலையில் ஒருவருக்கு அறிவிக்கவேண்டிய நோயொன்று இருப்பதாக மருத்துவர் ஐயுற்றால், சுகாதாரம் 544 என்ற படிவத்தை நிரப்பி அந்தப் பணிமனைக்கு அனுப்புவார். பரிசோதகர் அந்த வீட்டைத் தேடிச்சென்று, விசாரித்து, சுகாதாரம் 411 என்ற படிவத்தில் தாம் கண்டதைப் பதிவார். நெருப்புக்காய்ச்சல், டெங்கு, செங்கமாரி என்று எத்தனையோ நோய்களுக்கு இந்தத் தாள்கள் தலைமுறை தலைமுறையாக நிரப்பப்பட்டு வந்துள்ளன.

அந்த விசாரணை நடக்கும் விதத்தைச் சற்று உற்றுநோக்கினால், அதன் நுட்பம் புலப்படும். பரிசோதகர் மோட்டார்சைக்கிளைப் படலையில் நிறுத்தி, முதலில் நோயாளியின் சுகத்தை விசாரிப்பார். பிறகு, “போன கிழமை எங்கையெங்கை போனனீங்கள், ஆரார் வந்து போனவை?” என்று கேட்பார். வீட்டுக்காரருக்கு நாளும் நேரமும் நினைவிராது. ஆனால் செத்தவீடு நினைவிருக்கும், கோயிற் கொடியேற்றம் நினைவிருக்கும், மருமகளின் தாய் பனங்கிழங்கு கொண்டுவந்தது நினைவிருக்கும். ஒரு பெயர் வந்ததும் அடுத்த பெயர் தானே வரும். சில பெயர்கள் வராது. அவற்றை அயல்வீட்டார் சொல்வர். இன்னும் சில பெயர்களைப் பரிசோதகரே ஊகித்து, எழுதாமல் நேரே அந்த வீட்டுக்குச் செல்வார். சயரோகம், தொழுநோய் போன்றவற்றில், வீட்டில் நோய் இருந்த செய்தி வெளியே தெரிந்தால் பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சு முறிந்துவிடும் என்பதை அறிந்த பரிசோதகர், வேறு அலுவலாக வந்தவர்போல வந்து செல்வதும் உண்டு. எதை எழுதுவது என்பதைப் போலவே எதை எழுதாமல் விடுவது என்பதும் இத்தொழிலின் திறனாக இருந்தது.

சுகாதார ஏற்பாட்டை ஊர் தனதாக்கிக்கொண்டதற்கு அயலூரான மூளாயில் 1930களில் உருவான கூட்டுறவு வைத்தியசாலை ஒரு நற்சான்று. ஊரவர் பங்குப்பணம் கட்டி நடத்திய அந்த வைத்தியசாலையில், நோயாளி அங்கத்தவரும் ஆவார்; தன் நோய்க்குறிப்பு யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த நம்பிக்கையை முறித்தது போர்க்காலம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டில் உள்ளோர் தொகை, வந்துதங்கும் விருந்தினர் ஆகிய விவரங்கள், அதாவது நோய்த்தடம் தேடுவோர் கேட்கும் அதே விவரங்கள், வேறு கைகளால் வேறு நோக்கத்துக்காகக் கேட்கப்பட்டன. சுற்றிவளைப்பில் ஊர் முழுவதும் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டு, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவரின் தலையசைவில் பிள்ளைகள் பிரித்தெடுக்கப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டில் திரும்பியவர்கள் பதிவுக்கும் சோதனைச் சாவடிக்கும் திரும்பினர். போர் முடிந்த பின்னரும் இது உடனே ஓயவில்லை. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் மேற்கொண்ட குடும்பப் பதிவை எதிர்த்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அப்பதிவு நிறுத்தப்படும் என்று அரச தரப்பு அங்கே உறுதியளித்தது. யார் வீட்டுக்கு யார் வந்தார் என்ற கேள்விக்கு விடை சொன்னதால் உயிர் போன காலமொன்றைக் கண்ட தலைமுறையிடம், ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே கேள்வியைக் கைபேசி கேட்டது.

2020 மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு நோய் வந்த வழி, புலம்பெயர் வாழ்வின் வழியே ஆகும். சுவிற்சர்லாந்திலிருந்து வந்து அரியாலையில் ஆராதனை நடத்திய போதகர் ஒருவர் திரும்பிச் சென்றபின் தொற்றாளராக அறியப்பட்டார். அவரோடு பழகிய தாவடியைச் சேர்ந்த ஒருவர் மார்ச் 22ஆம் நாளளவில் மாவட்டத்தின் முதலாவது தொற்றாளராக அடையாளங் காணப்பட்டார். ஆராதனையில் கலந்துகொண்டோரைத் தேடும் பணி உடனே தொடங்கியது. அப்போது எந்தச் செயலியும் கையில் இல்லை. ஆனால் நாடளவில் அப்பணி சுகாதாரத் துறையோடு நிற்கவில்லை. தேசிய நடவடிக்கை மையத்துக்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார், புலனாய்வுப் பிரிவினரும் தொடர்பாளர்களைத் தேடினர், தனிமைப்படுத்தல் நிலையங்களைப் படையினர் நடத்தினர். தென்னிலங்கையில் இது திறமையின் அடையாளமாகப் பாராட்டப்பட்டது. வலிகாமத்தில் அதன் பொருள் வேறு. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் வாயிலில் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஒரு காலத்தில் வீட்டார் தாமே வேப்பிலை கட்டிய அதே படலையில், இப்போது அரசு தன் கையால் அடையாளமிட்டது.

செயலிகளின் முறை இரண்டு வகைப்பட்டது. முதல்வகை, புளூடூத் எனப்படும் குறுந்தொலைவு வானலையைக் கொண்டு அருகருகே இருந்த கைபேசிகள் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும் முறை. சிங்கப்பூரின் திரேஸ்ருகெதர் 2020 மார்ச் 20இலும், இந்தியாவின் ஆரோக்கிய சேது ஏப்ரல் 2இலும் இவ்வாறு தொடங்கின. பின்னது இருப்பிடத்தையும் பதிவுசெய்தது. இம்முறையின் அடிப்படைக் குறை ஒரு சிறு கணக்கில் அடங்கும். இருவரின் சந்திப்பு பதிவாக வேண்டுமானால் இருவரிடமும் செயலி இருக்கவேண்டும்; ஆகவே நூற்றுக்கு நாற்பது பேர் செயலியை வைத்திருந்தாலும், சந்திப்புகளில் நூற்றுக்குப் பதினாறே பதிவாகும். மக்கள் இணக்கம் பாதியாகக் குறைந்தால் பயன் காற்பங்காகிவிடும். அம்மைப்பால் குத்திய பிள்ளையை எட்டாம் நாள் கொண்டுவராத தாயைப் போலவே இங்கும், செயலியை வைத்திருப்பவர் சுமப்பது பெரும்பாலும் பிறருக்கான பயனையே. கட்டாயத்தால் இதைத் தீர்க்க முயன்ற இந்திய அரசு, 2020 மே முதலாம் நாள் ஊழியர் அனைவருக்கும் செயலியைக் கட்டாயமாக்கி, அம்மாதத்திலேயே அந்த ஆணையைத் தளர்த்தவும் நேர்ந்தது. சிங்கப்பூரில், நோய்த்தடம் தேடுவதற்கு மட்டுமே பயன்படும் என்று சொல்லப்பட்ட விவரங்களைக் குற்ற விசாரணைக்காகக் காவற்றுறை பெறமுடியும் என்பது 2021 ஜனவரியில் வெளிப்பட, அடுத்த மாதமே அதைக் கடுங்குற்றங்கள் ஏழு வகைக்குள் மட்டுப்படுத்தச் சட்டம் இயற்றினர். சுவிற்சர்லாந்தில் 2020 ஜூனில் வந்த செயலியோ, சந்திப்பு விவரங்களை அரசின் கணினிக்கு அனுப்பாமல் அவரவர் கைபேசியிலேயே வைத்திருக்கும் வடிவத்தைத் தேர்ந்தது. யாழ்ப்பாணக் குடும்பங்கள் பல, ஒரே வீட்டின் கிளைகளாக, இத்தகைய வெவ்வேறு முறைகளின்கீழ் அந்த ஆண்டைக் கழித்தன.

இலங்கை தேர்ந்தது இரண்டாம் வகை. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெளிப்பட்டபின், ஸ்ரே சேஃப் என்ற பெயரில் கியூஆர் குறியீட்டு முறை அறிமுகமாயிற்று. கடை, வங்கி, அலுவலகம் ஆகியவற்றின் வாயிலில் ஒட்டப்பட்ட சதுரக் குறியீட்டைக் கைபேசியால் படமெடுத்தால், வந்தவர் பெயரும் நேரமும் பதிவாகும். திறன்பேசி இல்லாதவர் 1919 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதே மாதம் 15ஆம் நாள் வெளியான வர்த்தமானி, 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ், நிறுவனங்கள் தம்மிடம் வருவோரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் பதிந்துவைக்கக் கட்டாயப்படுத்தியது. மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரையான தண்டம், அல்லது ஆறு மாதம் வரையான சிறை, அல்லது இரண்டும். நூற்றிருபத்து மூன்று ஆண்டு பழமையான சட்டமும் புத்தம்புதிய குறியீடும் ஒரே வாயிலில் சந்தித்தன.

அந்த வாயிலில் வெற்றிபெற்றது கொப்பியே. நாற்பது ஒற்றைப் பாடசாலைக் கொப்பியில் கோடிட்டு, திகதி, பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்று தலைப்பெழுதி, நூலில் கட்டிய பேனையோடு மேசையில் வைத்துவிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். திறன்பேசியின் படக்கருவியை எவ்வாறு குறியீட்டின்மேல் பிடிப்பது என்று தெரியாத முதியவரும், இணையத் தரவுக்குக் காசு போடாத இளைஞரும், பொதியைக் கையில் ஏந்திய பெண்ணும் அதில் எழுதிவிட்டு உள்ளே செல்லலாம். ஆனால் கொப்பியின் குறைகள் சிறியனவல்ல. தொற்று அஞ்சி வைத்த இடத்தில் ஒரே பேனை நூறு கைக்கு மாறியது; எழுதிய இலக்கத்தை வரிசையில் பின்னால் நின்ற எவரும் பார்க்கக்கூடியதாக இருந்தது, அது இளம்பெண்ணின் இலக்கமாக இருந்தபோது அதன் விளைவை விளக்கத் தேவையில்லை; எழுத்து விளங்காவிட்டால் பரிசோதகருக்குப் பயனும் இல்லை. தனியுரிமை என்று பார்த்தால் குறியீட்டு முறையே மேலானது. ஆயினும் மக்கள் கொப்பியை அஞ்சவில்லை, ஏனெனில் அது கடைக்காரரின் மேசையில் கிடந்தது. அது எங்கே போகும் என்பது தெரிந்திருந்தது. குறியீட்டில் எழுதியது எங்கே போகிறது, எவர் பார்க்கிறார், எத்தனை நாள் கிடக்கும் என்பதை அந்த வாயிலில் நின்று தமிழில் எடுத்துச்சொல்ல எவரும் இருக்கவில்லை.

2020 டிசம்பரில் வலிகாமத்தை உலுக்கிய மருதனார்மடம் சந்தைக் கொத்தணி இதற்கு உரைகல்லாயிற்று. அங்கே நோயைக் கண்டுபிடித்தது எழுமாறாகச் சந்தையில் எடுக்கப்பட்ட மாதிரிகள். சந்தையோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தோரைத் தேடியவர்கள் பரிசோதகர்கள். கேட்டது வழக்கமான அதே கேள்விகள். யார் எந்தத் தோட்டத்து வெங்காயத்தை எந்த வியாபாரிக்குக் கொடுத்தார், எவருடைய லாண்ட்மாஸ்டர் உழவியந்திரத்தில் அது ஏறியது என்பதைச் சந்தை வாயிலில் ஒட்டிய குறியீடு சொல்லாது. வியாபாரி சொல்வார், கேட்பவர்மீது நம்பிக்கை இருந்தால். நாடளவில் சுகாதார அமைச்சு 2020 ஜனவரி இறுதியிலேயே அமைத்த தொற்றாளர் பதிவு மென்பொருள், நோர்வே உட்படப் பல நாடுகள் பின்பற்றும் அளவுக்குச் சிறந்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். அது பொதுமக்கள் கையிலன்று, சுகாதார ஊழியர் கையிலிருந்த கருவி. பரிசோதகரின் தாளுக்குப் பதிலாக வந்தது, பரிசோதகருக்குப் பதிலாக வரவில்லை. அதன் வெற்றிக்கும் பொதுச் செயலிகளின் தளர்ச்சிக்கும் இடையிலான வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது.

நம்பிக்கையைக் குலைத்த அரச முடிவுகளும் அக்காலத்தில் இருந்தன. தொற்றால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த ஆணை, அடக்கம் செய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களை மீளாத் துயரில் ஆழ்த்தி, 2021 பெப்ரவரி இறுதி வரை நீடித்தது. தன் தகப்பனின் உடல் தன் கைக்கு வராது என்று அறிந்த மகன், தகப்பனின் காய்ச்சலை எவருக்கும் அறிவிக்கத் துணிவானா? அறிவித்தலும் தடந்தேடலும் மனமுவந்து பேசும் மக்கள் இல்லாமல் நடவாத பணிகள். அந்த மனத்தைத் தன் கையாலேயே முறித்துவிட்டுச் செயலியை நிறுவுமாறு கேட்பது, எவ்வகையிலும் நியாயமாகாது.

கியூஆர் குறியீடு கைக்கு வராத தொழில்நுட்பம் என்று இதனால் முடிவுகட்டுவதும் தவறு. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்தபோது, ஜூலையில் அறிவிக்கப்பட்டு ஓகஸ்ட் முதலாம் நாளிலிருந்து நடைமுறையான எரிபொருள் அனுமதி அதே குறியீட்டையே பயன்படுத்தியது. வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், அடையாள அட்டை இலக்கம் அனைத்தையும் கொடுத்தால், வாரம் இத்தனை லீற்றர் என்று பெற்றோல் கிடைத்தது. ஸ்ரே சேஃப் வாயிலில் தடுமாறிய அதே முதியவர்கள், பேரப்பிள்ளையைக் கொண்டு குறியீட்டைப் பெற்று, கடதாசியில் அச்சிட்டு, பிளாத்திக்கு உறையிலிட்டு மோட்டார்சைக்கிளிற் கட்டிக்கொண்டனர். குறியீட்டை வைத்திருப்பது வாகனக்காரர், அதைப் படிப்பது நிரப்பு நிலையத்து ஊழியர் என்று வேலை இடம்மாறியதால் பயன்படுத்துவதும் எளிதாயிற்று. 2023 செப்டெம்பர் முதலாம் நாள் அம்முறை நிறுத்தப்பட்டபோது, அதன் தேவையும் தீர்ந்திருந்தது. ஒல்லாந்தரின் தோம்பிற்கு இணங்கிய அதே நியாயத்திற்றான் இதற்கும் மக்கள் இணங்கினர்: கொடுத்த பெயருக்கு ஈடாக ஒன்று கைக்கு வந்தது.

தனிநபர் விவரங்களைக் காக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டு மார்ச்சில் சான்றுரைப்படுத்தப்பட்டது. கொரோனாக் காலத்தின் கொப்பிகளும் குறியீடுகளும் நிரம்பிய இரண்டு ஆண்டுகளிலும் அத்தகைய சட்டம் நாட்டில் இருக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் தண்டம் பெயரை எழுதாத கடைக்காரருக்கு இருந்ததே தவிர, எழுதிய பெயரைத் தகாத வழியில் பயன்படுத்துபவருக்கென்று அந்த வர்த்தமானியில் எதுவும் சொல்லப்படவில்லை. மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்து, மீண்டும் ஒரு பதிவுமுறையை அரசு கொண்டுவருமானால், பதியும் பொறுப்பைச் சங்கானைப் பணிமனையைப் போன்ற சுகாதாரப் பணிமனைகளிடமே விட்டு, படையினரையும் புலனாய்வாளரையும் அதற்கு வெளியே நிறுத்தி, எழுதிய பெயர் எந்த நாளில் அழிக்கப்படும் என்பதை அந்த ஆணையின் முதற் பந்தியிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வெளியிடுமாறு வட்டுக்கோட்டை மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும் இப்போதே கேட்கவேண்டும்.